மூளையில் நீலம்

பாண்டிமீனாவின் எலிகளுக்கு மூளை வெள்ளையாகவே இருந்தது. பவதாரிணியின் எலிகளுக்கு நீலமாக வந்தது. ஒன்றரை மாதமாகப் பாண்டிமீனாவுக்குச் சோறு இறங்காததற்குக் காரணம் அவ்வளவுதான். எலி மூளையின் நிறத்துக்காக ஒரு பெண் வயிறெரிவாளா என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். எரிவாள். நன்றாகவே எரிவாள்.

விஷயம் இதுதான். மதுரைக்கு மேற்கே, வயலும் பிளாட் போட்டு நட்ட கற்களும் மாறி மாறி வருகிற சமவெளியில் ஓர் ஆராய்ச்சிக் கூடம். அங்கே பேராசிரியர் பீமாராவிடம் இரண்டு பெண்கள் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்தார்கள். மூத்தவள் பாண்டிமீனா. வயது முப்பத்தொன்று, விளாங்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், சேர்ந்து ஐந்தாவது வருஷம். இளையவள் பவதாரிணி. இருபத்தைந்து வயது, கோச்சடையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டு பேருக்கும் கேள்வி ஒன்றே. சமையலறை அடுப்பிலும் செல்போனிலும் இருக்கிற அந்த மைக்ரோவேவ் கதிர், சூடு ஏற்றாத அளவுக்குக் கொஞ்சமாக, ஆனால் தினமும் உடம்பில் பட்டால், மூளையின் காவல் கெடுமா கெடாதா?

மூளைக்குக் காவல் உண்டு. ரத்தத்தில் ஓடுகிற கண்டதும் மூளைக்குள் நுழைந்துவிடாதபடி, அங்கே இருக்கிற ரத்தக் குழாய்களின் சுவர் மட்டும் அத்தனை நெருக்கமாகக் கட்டியது. அது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. எலியின் வால் நரம்பில் நீலச் சாயம் ஏற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் எலியின் காது நீலம், மூக்கு நீலம், பாதம் நீலம், உள்ளே ஈரல்வரை நீலம். அத்தனை நீலத்துக்கு நடுவிலும் மூளை மட்டும் வெள்ளையாக இருக்கும். மூளையும் நீலமாக வந்தால் காவல் உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

பாண்டிமீனா இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். எலியைக் கண்ணாடிக் குழல் போன்ற கூண்டில் விட்டு, கதிர் எதிரொலிக்காமல் உறிஞ்சிக்கொள்ளும் பஞ்சுக் கூம்புகள் ஒட்டிய பெட்டிக்குள் வைத்து, இரண்டு மணி நேரம் கதிர் கொடுப்பாள். பத்து நாள் இப்படிக் கொடுத்த பிறகு சாயம் ஏற்றி, ரத்தத்தைக் கழுவி எடுத்து, மண்டையோட்டைத் திறப்பாள். வெள்ளை. கதிர் பட்டதும் வெள்ளை, படாததும் வெள்ளை. பார்த்துப் பார்த்து அவளுக்கு வெள்ளை என்ற நிறமே பிடிக்காமல் போயிற்று. தீபாவளிக்குக் கணவன் வாங்கிவந்த வெள்ளைச் சேலையை மாற்றிக்கொண்டு வரச் சொன்னாள்.

ஒன்றும் ஆகவில்லை என்பதும் ஒரு விடைதான். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்கிறவளைப் பார்த்து யாரும் எழுந்து நிற்பதில்லை. பீமாராவ் மூளை வைத்த தட்டை எட்டிப் பார்த்துவிட்டு "சரிம்மா" என்பார். அந்த ஒற்றைச் "சரிம்மா"வை அவள் நூறு தடவைக்கு மேல் கேட்டிருப்பாள்.

அவள் கணவன் அழகுபாண்டிக்கு செல்போன் கோபுரங்களைப் பராமரிக்கிற வேலை. செக்கானூரணி, வாடிப்பட்டி என்று பைக்கில் சுற்றுகிறவன். அவனுக்கு இந்த வருத்தம் புரியவே இல்லை.

"வெள்ளையா வந்தா நல்லதுதான மீனா? ஒண்ணும் ஆகலேன்னுதான அர்த்தம்? நான் போற ஊர்லயெல்லாம் டவரைக் காட்டி, இதுனால மண்டைக்கு எதுவும் ஆகுமாண்ணேன்னு கேக்குறாங்க. எம் பொண்டாட்டி பாத்துட்டா, ஒண்ணும் ஆகலையாம்னு சொல்லிட்டு வாரேன்."

"ரெண்டு வருசத்துக்கு ஒண்ணுமில்லேன்னு எழுதிக் குடுத்தா எவன் மாமா வேலை தருவான்?" என்பாள் அவள்.

பவதாரிணி வந்து சேர்ந்த புதிதில் பாண்டிமீனாவுக்கு அவளைப் பிடிக்கத்தான் செய்தது. அக்கா அக்கா என்று பின்னாலேயே வருவாள். டிபன் டப்பாவைத் திறந்தால் முதல் உருண்டை அக்காவுக்குத்தான். வினை எலியின் வாலில் வந்தது. எலியின் வால் நரம்பு நூல் கனம்கூட இருக்காது. அதில் ஊசி போடப் பழகுவதற்குப் பாண்டிமீனாவுக்கு ஏழு மாதம் ஆனது. பவதாரிணி மூன்றாவது நாளே போட்டுவிட்டாள். எலி வாலை இழுக்கக்கூட இல்லை. பீமாராவ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தமான கைம்மா உனக்கு," என்றார்.

அதைக் கேட்ட நிமிஷம் பாண்டிமீனாவுக்குள் ஏதோ ஒன்று புளித்துப்போனது. தன் கையை அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். நல்ல கைகள்தான். யாரும் எதுவும் சொல்லாத கைகள்.

அதற்குப் பிறகுதான் பதிவேட்டு வேலையை ஆரம்பித்தாள். கதிர்ப் பெட்டி ஒன்றுதான். அதை யார் எப்போது எடுப்பது என்பதற்கு அறை வாசலில் ஒரு நீள நோட்டு கட்டித் தொங்கும். ஒரு நாளுக்கு இரண்டு கட்டம், காலை ஏழு முதல் பதினொன்று, மதியத்துக்கு மேல் இரண்டிலிருந்து. மாதக் கடைசி நாள் நாலு மணிக்கு அடுத்த மாதத்துப் பக்கத்தைக் கோடு போட்டு வைப்பார்கள். முதலில் பெயர் எழுதுகிறவருக்கே பெட்டி. இதுதான் அங்கே வழக்கம். யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. பவதாரிணி தனியாகச் சோதனை தொடங்குவது மார்ச் மாதத்திலிருந்து என்று முடிவானதும், பிப்ரவரிக் கடைசி நாள் மூன்றே முக்காலுக்கே பாண்டிமீனா போய் நின்றாள். மார்ச் மாதக் காலைக் கட்டம் முழுவதிலும், ஞாயிறு நீங்கலாக, தன் பெயரை எழுதினாள். இருபத்தாறு பாண்டிமீனா. கை வலித்தது, மனசு குளிர்ந்தது.

அவளுக்கு இருபத்தாறு நாள் தேவையில்லை. பதினோரு நாள் போதும். மீதி நாளெல்லாம் பெட்டி பூட்டியே கிடந்தது. சும்மா கிடந்தாலும் கிடக்கட்டும், பவதாரிணிக்குக் கிடைக்கக் கூடாது. பொறாமைக்கு இதைவிடத் தெளிவாக விளக்கம் சொல்ல முடியாது. காலை நேரம் நல்ல நேரம், வெயிலுக்கு முன்னால் வேலை முடிந்துவிடும். அந்தச் சுகம் எதற்கு அவளுக்கு என்பதுதான் பாண்டிமீனாவின் கணக்கு.

பவதாரிணி வந்து பக்கத்தைப் பார்த்தாள். மதியக் கட்டத்தில் தன் பெயரை முத்து முத்தாக எழுதிவிட்டுப் போனாள். கையெழுத்துகூட அழகு. அதற்கும் பாண்டிமீனாவுக்கு வயிறு எரிந்தது.

மார்ச் நடுவில் ஒருநாள் பவதாரிணியின் தட்டில் நீல மூளை வந்தது.

லேசான நீலமில்லை. சொட்டு நீலத்தில் முக்கி எடுத்தது மாதிரி நீலம். அவள் கதிர் கொடுத்த ஆறு எலியில் ஐந்து நீலம், கதிர் கொடுக்காமல் வெறும் பெட்டியில் வைத்த ஆறும் வெள்ளை. பீமாராவ் தட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். போட்டோ எடுத்தார். வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் சொன்னார். அந்தப் போனில் பவதாரிணி என்ற பெயரை நாலு தடவை சொன்னதைப் பாண்டிமீனா எண்ணினாள்.

"உங்க நோட்டைப் பாத்துதான்க்கா அப்படியே செஞ்சேன்," என்றாள் பவதாரிணி, கண் பளபளக்க. "உங்களுக்குத்தான் மொதல்ல வந்திருக்கணும்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஏப்ரலிலும் அதே நீலம் வந்தது. ஏப்ரல் காலைக் கட்டங்களையும் பாண்டிமீனாதான் முழுசாகப் பிடித்து வைத்திருந்தாள். அதற்குள் இன்னொரு செய்தியும் வந்துவிட்டது. ஆராய்ச்சியைத் தொடர இரண்டு வருஷத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். சம்பளத்தோடு ஒரே ஒரு இடம். ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பீமாராவ் ஒரு பெயரை முடிவு செய்து அனுப்புவார். பாண்டிமீனாவின் உதவித்தொகை ஜூனோடு நின்றுவிடும். ஐந்து வருஷமாக அவள் காத்திருந்தது இந்த ஒரு இடத்துக்காகத்தான். அது எப்படியும் தனக்கு என்றுதான் மார்ச் நடுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்த இடம் ஸ்கூட்டியில் ஏறிக் கோச்சடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் முத்திருளன். ஐம்பது வயதைத் தாண்டியவர், எலிகளுக்குத் தீனி, தண்ணீர், உமிப் படுக்கை எல்லாம் அவர் பொறுப்பு. கூட்டத்துக்கு முந்தின திங்கட்கிழமை பாண்டிமீனா எலி எடுக்கப் போனபோது, தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிக்கொண்டே சொன்னார்.

"பவதாரிணி பாப்பா எலிக்கெல்லாம் என்னமோ பண்ணுதும்மா. மத்தியானம் கொண்டுபோயிட்டுத் திருப்பி விடும்போது மேலெல்லாம் நனைஞ்சு வருது. எச்சியைத் தொட்டுத் தொட்டு மேல பூசிக்கிருது. வந்ததும் ஒரு புட்டித் தண்ணியைக் காலி பண்ணிருது. உங்க எலி அப்படி இல்ல, போன மாதிரியே திரும்பி வருது."

"எல்லா எலியுமா?"

"இல்ல, மத்தியானம் ரெண்டு மணிக்குப் போறது மட்டும். சாயங்காலம் அஞ்சரைக்குப் போறது சும்மாதான் வருது."

இரண்டு மணிக்குப் போவது கதிர் வாங்குகிற எலி. ஐந்தரைக்குப் போவது வெறும் பெட்டியில் உட்கார்ந்து வருகிற எலி. எலிக்கு வேர்க்காது. உடம்பு கொதித்தால் எச்சிலைத்தான் பூசிக்கொள்ளும். ஆனால் அவர்கள் கொடுக்கிற கதிர் சூடு ஏற்றாத அளவு என்று டிசம்பரிலேயே அளந்து பார்த்தாயிற்று. பிறகு ஏன் கொதிக்கிறது?

இதை யோசித்துக்கொண்டே ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவளுக்கு விடையைப் பரிமாறியது அழகுபாண்டி. அவனுக்கே அது தெரியாது. தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டு அன்றைய பாட்டைப் புலம்பிக்கொண்டிருந்தான்.

"சித்திரை வெயில்ல அம்புட்டு டவரும் கத்துது மீனா. மத்தியானமானா லோ வோல்டேஜ். ஸ்டெபிலைசர் ஏசியைக் கட் பண்ணிருது. மிஷின் மட்டும் பேட்டரியில ஓடிக்கிட்டே இருக்கு. உள்ள போயி நின்னா வெந்துரும்."

பாண்டிமீனாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. தங்கள் கூடத்துக் கதிர் இயந்திரமும் யூபிஎஸ்ஸில்தான் ஓடுகிறது. ஏசி சாதாரண லைனில் இருக்கிறது, அதற்கு ஒரு பழைய ஸ்டெபிலைசர். சோதனை நடக்கும்போது கதவைச் சாத்திவிட்டு வெளி அறையில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே மின்விசிறி உண்டு. உள்ளே என்ன வெக்கை என்று தெரியாது. அவள் இந்த இரண்டு வருஷத்தில் மதியத்துக்கு மேல் அந்த அறைக்குள் போனதே கிடையாது.

"என்ன, காரமா?" என்றான் அழகுபாண்டி.

"இல்ல மாமா. ரொம்ப நல்லாருக்கு," என்றாள். ஒன்றரை மாதத்தில் அன்றைக்குத்தான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பவதாரிணி நாலு மணிக்குச் சோதனை முடித்து எலிகளைக் கொண்டுபோன கையோடு பாண்டிமீனா அறைக்குள் நுழைந்தாள். முகத்தில் அனல் அடித்தது. ஏசி செத்துக் கிடந்தது. கையில் கொண்டுபோன வெப்பமானியில் முப்பத்தெட்டரை. காலையில் அதே அறையில் அவள் பார்த்தது இருபத்துநாலு. வெளியே வந்து காத்திருந்தாள். ஐந்து மணிக்கு எதிரிலிருந்த அலுவலகக் கட்டடத்தில் ஊழியர்கள் ஏசிகளை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஐந்தே காலுக்கு இங்கே ஸ்டெபிலைசர் டக்கென்று சத்தம் போட்டு உயிர் பெற்றது. ஐந்தரைக்கு, கதிர் இல்லாத எலிகள் போகும்போது, அறை ஜம்மென்று குளிரத் தொடங்கிவிட்டது.

மூளையை நீலமாக்கியது கதிர் இல்லை, வெக்கை. கதிர் எலிகள் மட்டும் வெந்திருக்கின்றன, மற்ற எலிகள் குளுகுளு அறையில் உட்கார்ந்து வந்திருக்கின்றன. பவதாரிணியின் நீலம் முழுவதும் பொய்.

அன்றைக்குப் பாண்டிமீனாவுக்கு இருந்த சந்தோஷத்தை எழுதினால் படிக்கிறவர்களுக்கு அவளைப் பிடிக்காமல் போகும். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனாள். அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை, எல்லார் முன்னாலும், பீமாராவ் பெயரைச் சொல்ல வாயெடுக்கும்போது சொல்ல வேண்டும். என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது என்று புதன்கிழமை எழுதியே வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமைதான் உறைத்தது.

சோதனை நடந்த நேரத்துக்கு ஆதாரமாகப் பதிவேட்டைக் கூட்டத்துக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்து, அறை வாசலில் நின்று பக்கத்தைப் புரட்டினாள். மதியக் கட்டத்தில் பவதாரிணி, பவதாரிணி, பவதாரிணி. அதுதான் அவளுக்கு வேண்டியது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே காலைக் கட்டம் இருந்தது. அதில் மேலிருந்து கீழ்வரை அவள் பெயர். அந்தப் பெண் ஏன் மத்தியானம் செய்தாள் என்று யாராவது கேட்டால், பதில் இதோ, இவள் கையெழுத்தில். காலைக் கட்டத்தில் பாதியை விட்டுக்கொடுத்திருந்தால் பவதாரிணியின் எலிகளும் வெள்ளையாகவே வந்திருக்கும். அந்த நீலம் அத்தனையையும் உண்டாக்கியவள் பாண்டிமீனாதான். நாற்காலி, போட்டோ, நாலு தடவை பெயர், எல்லாமே அவள் கையால் எடுத்துக் கொடுத்தது.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வேலை பவதாரிணிக்குப் போகும். பொய்யான முடிவு கட்டுரையாக வெளிவரும். அழகுபாண்டி போகிற ஊர்களில் ஜனங்கள் கோபுரத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள். சொன்னால் மானம் போகும். அன்று முழுவதும் தராசு அப்படியும் இப்படியும் ஆடியது. கடைசியில் அவளைப் பேச வைத்தது உண்மையும் இல்லை, ஊர்ஜனமும் இல்லை. தன் மானம் போனாலும் சரி, பவதாரிணிக்கு அந்த இடம் போகக் கூடாது. அதுதான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். பீமாராவ், இரண்டு பெண்கள், எலிக்கணக்குச் சொல்வதற்காக முத்திருளன். பீமாராவ் தொண்டையைச் செருமியபோது பாண்டிமீனா எழுந்தாள். ஏசி, ஸ்டெபிலைசர், முப்பத்தெட்டரை, எச்சில் பூசிய எலி எல்லாவற்றையும் எழுதி வைத்த வரிசையில் சொன்னாள். முத்திருளன் ஆமாம் என்று தலையாட்டினார். பீமாராவ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏம்மா, உள்ள இம்புட்டு வெக்கையா இருந்தது உனக்குத் தெரியலையா?" என்று பவதாரிணியைக் கேட்டார்.

பவதாரிணியின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் தன் நோட்டைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள். "தெரியும் சார். சுவர்க் கடிகாரத்துல வெப்பம் காட்டும்ல, தினமும் எழுதி வெச்சிருக்கேன். ரெண்டு மணிக்கு முப்பத்தாறு, நாலு மணிக்கு முப்பத்தெட்டு. சாயங்காலம் இருபத்தாறு. மிஷின் ஓடுனா ரூம் சூடாகும், ஓடலேன்னா குளுரும்னு நெனச்சுக்கிட்டேன். நான் மத்தியானம் மட்டும்தான சார் உள்ள போயிருக்கேன். காலையில எப்படி இருக்கும்னு பாத்ததே இல்ல."

"காலையில ஏன் போகல?"

பதில் வருவதற்கு முன்னால் அவரே பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொன்று புரட்டினார். பிறகு பாண்டிமீனாவின் சோதனை நோட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்து விரலால் எண்ணினார்.

"மார்ச்ல இருபத்தாறு நாள் காலையில உன் பேரு. நோட்டுல பதினோரு நாள்தான் எலி இருக்கு. மிச்ச நாளு?"

பாண்டிமீனா தான் எழுதி வைத்த தாளைப் புரட்டினாள்.  பவதாரிணிதான் பேசினாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை, நடந்ததைச் சொல்கிற குரல்.

"நான் ஏழு மணிக்கெல்லாம் வந்து பாப்பேன் சார், அக்கா வரலேன்னா எடுத்துக்கலாமான்னு. பூட்டியிருக்கும். அக்கா பேரு போட்டிருக்குன்னு ரெண்டு மணி வரைக்கும் லைப்ரரியில உக்காந்துக்குவேன்."

முத்திருளன் தரையைப் பார்த்தார். பீமாராவ் பாண்டிமீனாவைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

"சரிம்மா," என்றார்.

அந்த வேலைக்குப் பவதாரிணியின் பெயர்தான் போனது. "அவ தப்பான முடிவு எடுத்தா. ஆனா பாத்ததை எல்லாம் எழுதி வெச்சா. நானும் தட்டைத்தான் பாத்தேன், நோட்டைப் பாக்கல," என்றார் பீமாராவ். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு பாண்டிமீனாவிடம் சொன்னார்: "நீ கண்டுபிடிச்சது பெரிய விஷயம், அதை நான் இல்லேங்கல. ஏசியை இப்ப யாரும் சரி பண்ண வேணாம். ஒரே அளவு கதிர், குளிர்லயும் வெக்கையிலயும். கதிரே இல்லாம வெக்கை மட்டும். அம்புட்டையும் திருப்பிப் பாப்போம். கட்டுரையில ரெண்டு பேர் பேரும் வரும். இனிமே காலைக் கட்டம் அவளுக்கு, மத்தியானம் உனக்கு."

தண்டனை மாதிரிதான் இருந்தது, தண்டனையாகவும் இருக்கலாம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழகுபாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னாள், இருபத்தாறு நாள் கணக்கையும் சேர்த்து. அவன் "லைப்ரரியில ஃபேனாவது இருக்குமா?" என்று மட்டும் கேட்டான். அவள் அழுதாள்.

மே மாதம் முழுக்க மதியம் இரண்டு மணிக்குப் பாண்டிமீனா அந்த அடுப்பறைக்குள் போய் வந்தாள். எலிகள் எச்சில் பூசிக்கொண்டன, அவள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பெண்களும் தேவைக்குப் பேசிக்கொண்டார்கள். பவதாரிணி டிபன் டப்பாவிலிருந்து முதல் உருண்டை கொடுப்பதை நிறுத்திவிட்டாள். கேட்க முடியுமா?

உதவித்தொகை முடிவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, ஜூன் மாதத்தில், வெக்கை எலிகளுக்குச் சாயம் ஏற்றும் நாள் வந்தது. இந்த எலிகளுக்குப் பாண்டிமீனா கதிரே கொடுக்கவில்லை. இயந்திரத்தின் பொத்தானைத் தொடக்கூட இல்லை. வெறும் பெட்டி, வெறும் வெக்கை. வாலில் ஊசி போட்டாள், சொட்டு ரத்தம் சிந்தவில்லை. ரத்தத்தைக் கழுவினாள். மண்டையோட்டைத் திறந்தாள்.

நீலம்.

இரண்டு வருஷத்தில் அவள் தட்டில் வந்த முதல் நீலம். சொட்டு நீலத்தில் முக்கியது மாதிரி அதே நீலம். கதிர் இல்லாமல் வந்த நீலம் என்பதால் இந்த ஒரு மூளைக்கு மற்ற எல்லாவற்றையும்விட மதிப்பு அதிகம். கேள்விக்கான விடையின் பாதி இதில்தான் இருந்தது. 

அந்த நேரம் பவதாரிணி தன் காலைத் தட்டோடு உள்ளே வந்தாள். கதிர் கொடுத்து, குளிர் அறையில் வைத்த எலிகள். ஆறும் சுத்த வெள்ளை. விடையின் மறுபாதி அது. இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிறகு குனிந்து பாண்டிமீனாவின் தட்டைப் பார்த்தாள்.

"வந்திருச்சு போலக்கா," என்றாள்.

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பார்வைதான் அந்த நீலத்தை விட்டு நகரவில்லை. கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடித்திருந்தாள். தன் வெள்ளைத் தட்டை ஒரு விரலால் கொஞ்சம் தள்ளி வைத்தாள், கண்ணில் படாத தூரத்துக்கு. இரண்டு வருஷத்துக்கு வேலை அவளுக்கு இருந்தது. சம்பளம் இருந்தது, பீமாராவின் நம்பிக்கை இருந்தது, முத்து முத்தான கையெழுத்து இருந்தது. இருந்தும் இந்த ஒரு நீல மூளை தன் தட்டில் வரவில்லையே என்று அவளுக்குள் ஏதோ புளித்துக்கொண்டிருந்தது.

பாண்டிமீனாவுக்கு அந்தப் பார்வை தெரியும். அதை அவள் ஒன்றரை மாதம் முகத்தில் மாட்டிக்கொண்டு அலைந்தவள். முதலில் கொஞ்சம் இனித்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த இனிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். கூடவே இந்தப் பார்வை இனி எங்கே போகும், என்னென்ன செய்யும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

எழுந்து வாசலுக்குப் போய்ப் பதிவேட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். மீதி எலிகளுக்கான கடைசி நாட்கள் அதில் இருந்தன. அடுத்த வாரத்து மதியக் கட்டங்களில் தன் பெயர் இருந்த மூன்றை அடித்துவிட்டு, பேனாவைப் பவதாரிணியிடம் நீட்டினாள்.

"மிச்சமிருக்கிற வெக்கை எலிய நீ பண்ணு. உன் கையிலயும் வந்தாத்தான் நம்புவாங்க. காலையில வெள்ளைய நான் பாத்துக்கிறேன், எனக்குத்தான் பழக்கமாச்சே."

பவதாரிணி பேனாவை வாங்கவில்லை. "நிசமாவா சொல்றீங்க?" என்றாள். அவள் குரலில் முதல்முறையாகச் சந்தேகம் இருந்தது. அதை அங்கே வைத்தவளும் பாண்டிமீனாதான்.

"நிசமாத்தான். நான் ஏழு மணிக்கு வந்து தெறந்து வெச்சிருப்பேன், நீ வந்து பாத்துக்க," என்றாள் பாண்டிமீனா. "தண்ணிப் பாட்டில் எடுத்துக்கிட்டுப் போ. நாலு மணிக்கெல்லாம் உள்ள நிக்க முடியாது."